சின்னப் படகுக்கு ட்ரெய்லர் வாங்குவதற்கு முன்

படகு வாங்க வருகிறவர்கள் இன்ஜினைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவார்கள். யமஹாவா சுசுகியா, 60 குதிரைத்திறன் போதுமா 90 போடலாமா, மீன் பார்க்கும் கருவிக்கு எத்தனை அங்குலத் திரை என்று எல்லாம் பேசி முடித்த பிறகு, கையில் மிச்சம் இருக்கும் காசோடு கடைசியாக ட்ரெய்லருக்கு வருவார்கள். "அண்ணே, 17 அடிப் படகு, அது ஏறுற மாதிரி ஒண்ணு பாருங்க, போதும்." படகும், அதன் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும் பழுதுபார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நீளத்தை மட்டும் பார்த்து ட்ரெய்லர் வாங்காதீர்கள். அதுவும் சிங்கப்பூரில் ஒரு சின்னப் படகு கடலில் இருக்கும் நேரத்தைவிட ட்ரெய்லர் மேல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் பல மடங்கு அதிகம். வெயில், மழை, உப்புக்காற்று எல்லாவற்றிலும் அது நின்றுகொண்டே இருக்கும். எங்களிடம் வரும் பழுதுகளில் பாதி அப்படி நின்றதால் வந்தவை, ஓடியதால் வந்தவை அல்ல.

அதனால் முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். ட்ரெய்லர் சாலையில் ஓடப்போகிறதா, இல்லை கிளப்பின் வளாகத்துக்குள்ளேயே இருக்கப்போகிறதா? இங்கே மரினாவிலோ படகு கிளப்பிலோ உலர்நிறுத்தத்தில் படகு வைத்திருக்கும் பலருக்கு ட்ரெய்லரின் மொத்தப் பயணமே ராம்ப், அதாவது படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவு, வரை போய்த் திரும்புவதுதான், அதையும் கிளப்பின் டிராக்டர் இழுத்துவிடும். வருஷத்துக்கு ஒருமுறை வேறு இடத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் லாரி கிரேன் கூப்பிட்டால் வேலை முடிந்தது. இவர்களுக்கு பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் எல்லாம் வைத்த சாலை ட்ரெய்லர் வீண் செலவு. ஆனால் யார்டுக்கென்று, அதாவது கிளப் வளாகத்துக்குள் மட்டும் ஓட, செய்த ட்ரெய்லரை "பக்கத்துலதானே, ஒரு தடவைதானே" என்று சாலையில் இழுத்துப் போவது அதைவிட மோசம். சாலை என்று வந்தால் உங்கள் காரைத் தயாரித்த நிறுவனம் எவ்வளவு எடை இழுக்கலாம் என்கிறது, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் என்ன, காப்புறுதி இழுக்கும்போதும் செல்லுமா, இந்த மூன்றையும் பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில கார்களின் கையேட்டில் எதையும் இழுக்கக் கூடாது என்றே போட்டிருக்கும், ட்ரெய்லரைக் கோக்கும் உருண்டையான டோ பால் மாட்ட காரில் இடம் இருக்கிறது என்பதற்காக இழுக்கலாம் என்று ஆகிவிடாது.

அடுத்தது எடை. படகு விளம்பரத்தில் போட்டிருக்கும் எடை பெரும்பாலும் வெறும் உடலின் எடை, இன்ஜின் அதில் சேராது. 5 மீட்டர் ஃபைபர் படகு ஒன்றை எடுத்துக்கொள்வோம். உடல் 550 கிலோ, 90 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் 165 கிலோ அளவில், 90 லிட்டர் பெட்ரோல் 66 கிலோ, இரண்டு பேட்டரி 40, நங்கூரமும் சங்கிலியும் 15, ஐஸ் நிரப்பிய பெட்டி 40, லைஃப் ஜாக்கெட், தூண்டில் சாமான், இதர சில்லறை 30. கூட்டினால் 906 கிலோ. இத்தோடு ட்ரெய்லரின் சொந்த எடை ஒரு 300 கிலோவைச் சேர்த்தால் 1200-ஐத் தாண்டிவிடும். 550 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டு "1000 கிலோ ட்ரெய்லர் தாராளம்" என்று வாங்கியவர் கதை என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் படகுக்கு நான் 1500 கிலோ மொத்த எடை தாங்கும் ட்ரெய்லருக்குக் குறைந்து எதையும் சொல்ல மாட்டேன். ட்ரெய்லர் தகட்டில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ட்ரெய்லரில் ஏ.டி.எம் என்று போட்டிருந்தால் அது ட்ரெய்லரும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை. அமெரிக்க ட்ரெய்லர் என்றால் பவுண்டில் இருக்கும், அதில் மொத்த எடை ஒரு எண்ணாகவும் ஏற்றக்கூடிய எடை வேறொரு எண்ணாகவும் இருக்கலாம். டயரின் பக்கவாட்டில் இருக்கும் தாங்குதிறன் எண்ணையும் படியுங்கள், 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ, 88 என்றால் 560 கிலோ. இரண்டு டயரும் சேர்ந்து தாங்குவது ட்ரெய்லர் தகட்டில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் யாரோ டயரை மலிவாக மாற்றியிருக்கிறார்கள்.

எடையின் இன்னொரு பாதி அது எங்கே உட்காருகிறது என்பது. அவுட்போர்டு படகில் பாரம் முழுக்கப் பின்னால் இருக்கும். அதனால் ட்ரெய்லர் மூக்கு லேசாகிவிட்டால் சாலையில் வேகம் ஏற ஏற வால் ஆடத் தொடங்கும். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் முன்பக்கக் கப்ளர், அதாவது டோ பால் மேல் உட்காரும் கிண்ணம், மேல் இறங்க வேண்டும், மேலே சொன்ன படகுக்கு அது 60 முதல் 120 கிலோ. கப்ளருக்குக் கீழே, கார் இழுக்கும் அதே உயரத்தில், கட்டை வைத்து அதன்மேல் வீட்டில் எடை பார்க்கும் மெஷினை வைத்தாலே தெரிந்துவிடும். குறைந்தால் வின்ச், அதாவது படகை இழுத்துக் கட்டும் கைச்சுழலி, நிற்கும் தூணை முன்னே நகர்த்தலாம், இல்லாவிட்டால் ஆக்சிலைப் பின்னால் தள்ளலாம். இரண்டும் நகராதபடி வெல்டிங் செய்த ட்ரெய்லரை வாங்க வேண்டாம். ஆட்டம் கண்டுவிட்டால் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும், கை தன்னால் திருப்பத்தான் பார்க்கும், விடக் கூடாது. டோ பாலின் அளவும் சின்ன விஷயமில்லை. 50 மில்லிமீட்டர் ஒரு அளவு, 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர், வேறொரு அளவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஆனால் மாற்றிப் போட்டால் ஒன்று சரியாக உட்காராது, இல்லையென்றால் உள்ளே ஆடும். கிளப் டிராக்டரில் எந்த அளவு இருக்கிறது என்று யார்டு ஆட்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி நான் அதிகம் அழுத்திச் சொல்ல வேண்டியது, படகின் அடிப்பாகத்தை ட்ரெய்லர் எப்படித் தாங்குகிறது என்பதை. தண்ணீரில் இருக்கும்போது அடிப்பாகம் முழுவதும் சமமாகத் தாங்கப்படும். ட்ரெய்லரிலோ நாலைந்து இடத்தில்தான் தாங்கல். கார்பெட் சுற்றிய நீளக் கட்டைகள் இருப்பதை பங்க் ட்ரெய்லர் என்போம், ரப்பர் உருளைகள் இருப்பது ரோலர் ட்ரெய்லர். ரோலரில் படகு சுலபமாக வழுக்கி இறங்கும், ஆழமில்லாத ராம்பிலும் இறக்கிவிடலாம், ஆனால் அவ்வளவு எடையும் சின்னச் சின்னப் புள்ளிகளில் அழுத்தும். மாதக்கணக்கில் நிற்கும் ஃபைபர் படகுக்கு என் ஓட்டு பங்க் பக்கம்தான். கட்டைகள் படகுக்கு உள்ளே ஓடும் நெடுக்குச் சட்டங்களுக்கு நேர்கீழே வர வேண்டும், பின்முனை டிரான்ஸம், அதாவது இன்ஜின் மாட்டும் பின்சுவர், வரை எட்ட வேண்டும். கட்டை ஒரு அடி முன்னதாக முடிந்து இன்ஜினின் பாரம் அந்தரத்தில் தொங்கினால் நாளடைவில் அடிப்பாகம் அங்கே வளைந்துவிடும். அப்புறம் கடலில் மூக்கு எழும்பாது, வேகம் குறையும், இன்ஜின் மேல் சந்தேகப்பட்டு ப்ரொப்பெல்லரை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். 16 அடி ட்ரெய்லரில் 17 அடிப் படகை ஏற்றினால் இதுதான் நடக்கும்.

அலுமினியப் படகு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. பூச்சி அரிக்காமலிருக்க மரத்தில் ஏற்றும் மருந்துகள் பலவற்றில் தாமிரம் இருக்கும். அந்த மரத்தின் மேல் உப்புநீர் ஊறிய கார்பெட், அதற்கு மேல் அலுமினியம் என்று நாள்கணக்கில் நின்றால் உலோகத்தில் குழிகுழியாக அரிப்பு விழும். கார்பெட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் பட்டை வைத்தால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் அது வழவழவென்று இருக்கும். ராம்பில் பின்னால் இறங்கும்போது தண்ணீர் வருவதற்குள் வின்ச் கொக்கியைக் கழற்றினால் படகு கான்கிரீட்டில்தான் இறங்கும்.

இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்ற இறக்கத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 3 மீட்டர் வரை ஏறி இறங்கும். நிறை நீரில் எளிதாக இருந்த ராம்ப், வற்றும்போது பாசி படிந்த கீழ்ப்பகுதியைக் காட்டும், அங்கே சக்கரம் வழுக்கும். பங்க் ட்ரெய்லரை ஆழமாக இறக்கித்தான் படகை மிதக்கவிட முடியும் என்பதால், அலை அட்டவணையைப் பார்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரும்பு என்றால் ஹாட் டிப் கால்வனைஸ், அதாவது உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, மட்டும். பெயின்ட் அடித்த ட்ரெய்லர் பார்க்க அழகாக இருக்கும், ஒரு கீறல் விழுந்தால் போதும், உப்பு உள்ளே புகுந்துவிடும். பெட்டிக் குழாய்ச் சட்டம் உள்பக்கத்திலிருந்து துருப்பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்டால் சரி, மொத்தென்று கேட்டால் உள்ளே துரு செதில் செதிலாகச் சேர்ந்திருக்கலாம். முதலில் போவது பெரும்பாலும் ஸ்பிரிங்கும் யு போல்ட்டும்தான். சாலை ஓட்டமே இல்லாத ட்ரெய்லர் என்றால் ஸ்பிரிங் இல்லாததையே வாங்குங்கள், துருப்பிடிக்க ஒரு சாமான் குறையும். இரட்டை ஆக்சில் வேண்டுமா என்று கேட்பார்கள். 5 மீட்டர் படகுக்குத் தேவையில்லை, நம் யார்டுகளின் நெருக்கடியில் அதைக் கையால் திருப்புவது பெரும்பாடு.

பேரிங் விஷயத்தில் ஒன்றை மனதில் வையுங்கள். ஓடி வந்த சக்கரத்தின் ஹப், அதாவது பேரிங் இருக்கும் நடுப்பகுதி, சூடாக இருக்கும். அதை உடனே கடல்நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். ராம்பில் கொஞ்ச நேரம் காத்திருந்து, தொட்டால் சுடாத நிலையில் இறக்குங்கள். பழைய ட்ரெய்லர் பார்க்கும்போது ஹப்பின் மூடியைக் கழற்றச் சொல்லி கிரீஸைப் பாருங்கள், பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் கரகரவென்று சத்தம் வரக் கூடாது, மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டில் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டயரின் பூ தேயாமல் முழுசாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், நின்றே வெடிப்பு விட்டிருக்கும்.

மழை கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் திறந்த படகில் மழை விழும் பரப்பு 8 சதுர மீட்டர் என்றால், 100 மில்லிமீட்டர் மழைக்கு உள்ளே 800 லிட்டர், அதாவது 800 கிலோ சேரும். நம் ஊரில் ஒரு நாளில் அவ்வளவு பெய்வது அதிசயமில்லை. 1500 கிலோ ட்ரெய்லர் அப்போது என்ன செய்யும்? நிறுத்திய உடனே வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட்டு, மூக்கை உயர்த்தி வையுங்கள். மூடுதுணி பள்ளமாகத் தொங்கித் தண்ணீர் தேங்கினால் கொசு முட்டையிடும், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் அபராதம் வேறு. கழற்றிய அடைப்பானை இக்னிஷன் சாவியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அடுத்த முறை அதை மாட்டாமல் இன்ஜினைக் கிளப்ப முடியாது.

நீண்ட நாள் நிறுத்துவதானால் ஆக்சிலுக்குப் பக்கத்தில் சட்டத்துக்குக் கீழே கட்டை கொடுத்து டயரின் பாரத்தைக் குறையுங்கள். கடலிலிருந்து வந்ததும் படகைக் கழுவும் அதே குழாயால் ட்ரெய்லரையும், சட்டத்தின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். அப்புறம் பேரிங் மேல் அடித்திருக்கும் நம்பரை, எந்த அளவு பேரிங் என்று சொல்வது அதுதான், ஒரு படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ராம்பில் சக்கரம் பிடித்துக்கொண்டு எங்களைக் கூப்பிடும்போது நாங்கள் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.