பழைய உப்பளத்தைச் சீரமைக்கப் போகிறீர்களா? முதலில் தரையைப் பாருங்கள்

கைவிடப்பட்ட உப்பளத்துக்கு மறுபடி உயிர் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டுவார்கள். வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல், பக்கத்தில் மரப்பலகை பிடித்த தொழிலாளி. இதே மாதிரி ஆக்கிவிட வேண்டும் என்பார்கள். அடுத்த கேள்வி, பொக்லைன் எத்தனை நாளைக்குத் தேவைப்படும் என்பது.

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. மேலிருந்து பார்த்தால் உப்பளம் வரப்பு கட்டிய சேற்று நிலம்தான். ஆனால் அங்கே விலைமதிப்பு மிக்கது அந்தச் சேறுதான். வரப்பு இடிந்தால் திரும்பக் கட்டலாம், மதகு உளுத்தால் மாற்றலாம். பல தலைமுறை மிதித்து இறுக்கிய களிமண் தரையை ஒரே மத்தியானத்தில் சுரண்டி எடுத்துவிட்டால், மிஞ்சுவது ஒரு குட்டை.

தரைக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்பது, தண்ணீர் போகும் வழியைப் பார்த்தால் புரியும். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அந்த நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து வெயிலிலும் காற்றிலும் சுண்டுகிறது. முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டி, உப்பு நீரின் கெட்டித்தன்மையைக் காட்டும் பாமே அளவில் 25, 26 டிகிரியைத் தொட்ட பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு விளையத் தொடங்கும். 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனிப் பாத்தி இருப்பது இதனால்தான். உப்பு விளையும் பாத்தியில் சில சென்டிமீட்டர் தண்ணீர்தான் நிற்கும். ஒரு பாத்திக்கும் அடுத்ததற்கும் இடையே விரல்கடை அளவு சரிவு போதும். இந்த ஓட்டத்தின் கடைசியில் தரை லேசாகக் கசிந்தாலும் இழப்பு பெரிது. அங்கே வடிவது வெறும் கடல் நீர் இல்லை, பல நாள் வெயில் குடித்துக் கெட்டியான நீர்.

ஆள் இல்லாத உப்பளத்தில் முதலில் மழைநீர் தேங்கி உப்புத்தன்மை குறையும். உமரி என்ற உவர்நிலச் செடி முளைக்கும், அதன் பின்னால் புதர்கள் வரும். வேர்கள் களிமண்ணைத் துளைக்கும், அவை மட்கிய பின் துளைகள் அப்படியே நிற்கும். நண்டுகள் வரப்பில் வளை தோண்டும். கோடையில் தரை காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். பார்க்க எல்லாம் அழிந்துபோன மாதிரி இருக்கும். உண்மையில் பல இடங்களில் பழைய தரை ஒரு சாண் வண்டலுக்கு அடியில் பத்திரமாகவே கிடக்கிறது. மண்வெட்டியால் சிறு குழிகள் எடுத்துப் பாருங்கள். மேலே கொழகொழவென்ற சேறு, அதற்குக் கீழே மண்வெட்டி சட்டென்று நிற்கும், இழுத்தால் வழவழப்பான கரும்பரப்பு தெரியும். அதுதான் நீங்கள் தேடும் தரை. அதற்கு மேலிருப்பதைக் கையால் அள்ளுங்கள். அதற்குக் கீழே போகாதீர்கள்.

கீழே போகக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அலையாத்திக் காடுகளை ஒட்டிய கருஞ்சேற்றில் இரும்பு சல்பைடு இருக்கலாம். தண்ணீருக்கடியில் இருக்கும்வரை அது சாது. தோண்டிக் காற்றுப்படப் போட்டால் கந்தக அமிலமாக மாறும். ஓடை மீன்கள் செத்து மிதக்கும்போதுதான் பலருக்கு இது தெரிய வருகிறது. தோண்டும் முன் மண்ணைப் பரிசோதிக்கக் கொடுப்பது பெரிய செலவில்லை.

களிமண் வேலையைப் படித்துக் கற்பது கஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன். பாத்தியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவிட வேண்டும். ஊறிய மண்ணைக் காலால் மிதித்து, வேரும் சிப்பியும் தட்டுப்படும்போதெல்லாம் பொறுக்கி எடுக்க வேண்டும். தண்ணீரை வடித்து, மண் தோல் பதத்துக்கு வரும்வரை விட்டு, மறுபடி மிதிக்க வேண்டும். அப்புறம் திரும்பத் தண்ணீர், திரும்ப மிதி. அவசரப்பட்டு முழுக்கக் காயவிட்டால் வெடிக்கும், ஈரமாகவே விட்டால் இறுகாது. இந்தப் பதத்தைக் கணிக்கும் கருவி எதையும் நான் பார்த்ததில்லை. தெரிந்தவரின் குதிகால்தான் சொல்லும். மட்டம் பார்க்கவும் பெரியவர்கள் தண்ணீரைத்தான் நம்பினார்கள். பாத்தி முழுக்க மெல்லிசாக நீர் பாய்ச்சினால் மேடு தானாகத் தலைகாட்டும். அங்கே சுரண்டிப் பள்ளத்தில் போட்டால் சரி. லேசர் மட்டக் கருவி கையில் இருந்தாலும் கடைசிச் சோதனைக்கு இதைத்தான் செய்கிறேன்.

சில உப்பளங்களில் தரைக்கு மேல் இன்னொரு தரையும் உண்டு, அதற்கு உயிர் உண்டு. ஸ்லோவேனியாவில், ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள செச்சோவ்லியே உப்பளத்தில் அதைப் பெட்டோலா என்கிறார்கள். சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்களின் இழைகளும் ஜிப்சமும் சுண்ணாம்பும் களிமண்ணும் பின்னிப் பிணைந்த மெல்லிய படலம் அது. அடியிலுள்ள சேறு உப்போடு கலக்காமல் தடுப்பது அதன் வேலை. களிமண் தரையில் வாரிய உப்பு வெள்ளையாக வருவது அதனால்தான். 14ஆம் நூற்றாண்டில், இன்றைய குரோவேஷியாவிலுள்ள பாக் தீவின் உப்புத் தொழிலாளர்களிடமிருந்து இந்த முறை அங்கே வந்தது. ஆண்டுதோறும் பருவம் தொடங்கும் முன் அதைச் சுத்தம் செய்து, தட்டி, ஈரம் குறையாமல் வளர்க்கிறார்கள். இப்படி ஒரு படலத்தைப் பாசி என்று நினைத்துத் தேய்த்துக் கழுவச் சொல்கிற ஒப்பந்ததாரரைக் கண்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சிமெண்ட் பற்றிய கேள்வி எப்படியும் வரும். அதற்கு ஸ்பெயினின் அன்யானாவைச் சொல்வேன். கடலுக்குத் தொலைவில், மலைப் பள்ளத்தாக்கில் ஊற்றெடுக்கும் உப்பு நீரை மரக் கால்வாய்கள் வழியே இறக்கி, கல்லும் மரமும் களிமண்ணும் கொண்டு அடுக்கடுக்காகக் கட்டிய மேடைகளில் காயவைக்கும் இடம் அது. அங்கே உப்பெடுக்கும் வழக்கம் ஏறத்தாழ 7000 ஆண்டுப் பழமையானது. 20ஆம் நூற்றாண்டில் களிமண் பரப்புக்கு மேல் சிமெண்ட் பூசினார்கள். உப்பு வாருவது சுலபமானது. ஆனால் உப்பு சிமெண்டை அரித்தது, விரிசல் வழியே நீர் இறங்கியது, பாரம் தாங்காமல் கீழிருந்த மரச்சட்டங்கள் சரிந்தன. பராமரிப்பும் நின்றுபோக மேடைகள் வரிசையாக விழுந்தன. மீட்க வந்தவர்கள் பழைய பொருள்களுக்கே திரும்பினார்கள். 2009இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை அமைந்தது. அந்த மீட்புப் பணிக்கு 2015இல் ஐரோப்பியப் பாரம்பரியப் பாதுகாப்புக்கான யூரோப்பா நோஸ்ட்ரா விருது கிடைத்தது. உப்பில் ஊறிய பைன் மரம் பூஞ்சை பிடிக்காமல் நீண்டகாலம் நிற்கிறது. இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டோ உள்ளேயிருந்து துருப்பிடித்து வெடிக்கிறது. உப்பளத்து மதகும் சட்டமும் மரத்திலேயே இருக்கட்டும் என்று நான் சொல்வது பழமைப் பாசத்தால் அல்ல.

எல்லாவற்றையும் கையாலேயே செய்ய வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். கடலை எதிர்த்து நிற்கும் வெளிக்கரைக்கு இயந்திரம் வரட்டும், கொட்டிக்கிடக்கும் குப்பையை அள்ள வரட்டும். உப்பு விளையும் பாத்திக்குள் சக்கரம் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். அதேபோல, பாரம்பரியம் என்ற பெயரில் கண் கூசும் வெயிலில் தொழிலாளியைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல், வெடித்த பாதங்களோடு நிறுத்துவதும் எனக்கு ஒப்பாது. மிதிக்கிற வேலைக்குத் தோதான மெல்லிய ரப்பர் காலுறைகள் இப்போது கிடைக்கின்றன.

வேலை கடல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். நிதி கொடுப்பவர்கள் வெள்ளைக் குவியலைப் பார்க்க ஆசைப்படுவதால் பலர் கடைசிப் பாத்தியில் ஆரம்பிக்கிறார்கள். மதகும் கடல் நீரைப் பிடித்து வைக்கும் தேக்கமும் சரியாகாமல் அந்தப் பாத்திக்கு நீர் எங்கிருந்து வரும்? தேக்கங்களில் நீர் ஒழுங்காக நடமாடத் தொடங்கினால் உயிர்களும் திரும்பும். ஆர்ட்டீமியா என்ற சின்னஞ்சிறு உப்புநீர் இறால் பாசியைத் தின்று நீரைத் தெளிய வைக்கும். அது இல்லாத உப்பளத்தில் நீர் பிசுபிசுக்கும், உப்பு மணியும் கோணலாக வரும். கடைசிப் பாத்திகளில் நீர் சிவந்தால் பயப்பட வேண்டாம். உப்பை விரும்பும் நுண்ணுயிர்களின் நிறம் அது. அந்தச் சிவப்பு வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி நீர் வேகமாக ஆவியாக உதவுகிறது. முதல் பருவத்து உப்பு சாம்பல் நிறத்தில் சேறு கலந்துதான் வரும். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்னொரு விஷயம், கைவிட்ட காலத்தில் அங்கே குடியேறியவர்கள். உப்புக்கொத்திகளும் நெடுங்கால் உள்ளான்களும் வரப்பிலும் காய்ந்த தரையிலும் முட்டையிடும். அவை அடைகாக்கும் மாதங்களில் வரப்பு வேலையை நிறுத்தி வைப்பது கட்டாயம். எல்லாப் பாத்திகளையும் உற்பத்திக்குக் கொண்டுவர வேண்டியதும் இல்லை. ஒரு பகுதியைப் பறவைகளுக்கான ஆழமற்ற நீர்நிலையாகவே விட்டுவிடலாம்.

சரி, தரை தயார். அதைக் காப்பாற்றப்போவது யார்? பிரான்சின் கெராண்ட் உப்பளங்களுக்கு 1970கள் வாக்கில் சுற்றுலாத் திட்டங்களால் ஆபத்து வந்தது. வயதான தொழிலாளர்களும் புதிதாக வந்த இளைஞர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. 1979இல் தொழில் கற்றுக்கொடுக்கும் பயிற்சியைத் தொடங்கினார்கள், 1988இல் கூட்டுறவு அமைத்தார்கள். இன்றும் அங்கே குளிர்காலத்தில் பாத்திகளை நீரில் மூழ்கவிட்டு உறைபனியிலிருந்தும் காற்றிலிருந்தும் களிமண்ணைக் காக்கிறார்கள். வசந்தம் வரும்போது நீரை வடித்து, வண்டலைத் தள்ளி, வரப்பைப் பூசி, அதன் பிறகே உப்புக்குத் தயாராகிறார்கள். உப்பு விளையாத மாதங்களிலும் வேலை நடக்கிறது, அதற்கு ஆளும் இருக்கிறார்கள்.

அதனால் திட்ட அறிக்கை என் கைக்கு வரும்போது கட்டுமானச் செலவுப் பக்கத்தை விட்டுவிட்டு, உப்பு விளையாத மாதங்களுக்கான சம்பளம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுவேன். பெரும்பாலும் இருக்காது. குறைந்தது மூன்று பருவங்களுக்கு அந்தச் சம்பளத்தை எழுதிச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்புவேன். கூடவே, தொழில் தெரிந்த முதியவர் ஒருவருக்கும் அவரோடு நிற்கும் இரண்டு மூன்று இளைஞர்களுக்கும் முதல் நாளிலிருந்தே சம்பளம் போடச் சொல்வேன், பாத்தியில் முதல் மண்வெட்டி விழும் முன்பே.