ரிமோட் பத்து கிலோமீட்டர் எட்டும், விமானம் திரும்பி வருமா?

இந்த ஆடியில் மட்டும் இது நான்காவது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரித் தம்பி என் ரிமோட் விமானக் கடைக்கு வந்தார். கையில் கோணிப்பை, உள்ளே இரண்டு துண்டாகப் போன ஃபோம் விமானம். "அண்ணா, சிக்னல் கடைசி வரைக்கும் இருந்தது. அப்படியும் விழுந்துடுச்சு. ரிசீவர்ல ஏதோ கோளாறு, பாருங்க."

பார்த்தேன். ரிசீவரில் ஒரு குறையும் இல்லை. இறக்கை, வால் மடல்களை ஆட்டும் குட்டி மோட்டார்களான சர்வோ நான்கும் ஒழுங்காக ஆடின. பேட்டரிதான் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சப்பட்டு உப்பிக் கிடந்தது. (உப்பிய லிப்போவை, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரியை, மறுபடி சார்ஜில் போடாதீர்கள். வீடு எரியும்.)

கடைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இந்த ரிமோட் எத்தனை கிலோமீட்டர் போகும்?" ரிமோட் எங்கேயும் போகாது தம்பி, உங்கள் கையில்தான் இருக்கும். பெட்டியில் பத்து கிலோமீட்டர் என்று அச்சிட்டிருந்தால், நடுவே மரமோ கட்டடமோ இல்லாவிட்டால் சிக்னல் அவ்வளவு தூரம் எட்டும் என்று அர்த்தம். விமானம் அவ்வளவு தூரம் போய்த் திரும்பும் என்று அதில் யாரும் எழுதவில்லை.

பட்டம் விட்டுப் பழகிய கை இப்படி நினைப்பதில் ஆச்சரியமில்லை. நூல் எவ்வளவோ பட்டம் அவ்வளவு, நூலைச் சுற்றினால் பட்டம் வீட்டுக்கு வந்துவிடும். ரேடியோ அலை எதையும் இழுக்காது. திரும்பு என்று சொல்லும், அவ்வளவுதான். திரும்பி வருவது பேட்டரி பாடு, காற்றின் பாடு.

அந்தத் தம்பியிடம் பேனாவைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னேன். விமானம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும். 2200 எம்.ஏ.எச். பேட்டரி, நிதானமாக ஓட்டினால் 15 நிமிடம். காற்றே இல்லாத நாளில் ஏழரை நிமிடம் போய், ஏழரை நிமிடம் வரலாம். ஒரு பக்கத்துக்கு ஆறு கி.மீ. சொச்சம். ஆனால் அன்றைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து 30 கி.மீ. வேகத்தில் அடித்திருக்கிறது. இவர் கிழக்கே, உடுமலைப் பக்கம் விட்டிருக்கிறார். போகும்போது 50-உம் 30-உம் சேர்ந்து 80. விமானத்திலிருந்த கேமராவில் தோப்பெல்லாம் பறந்து பின்னால் போக, ஆள் குஷியாகிவிட்டார். ஆறாவது நிமிடம் திருப்பியபோது விமானம் எட்டு கி.மீ. தள்ளி. வரும்போது 50-இல் 30 போக 20. மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்தில் மூன்று கி.மீ. வந்து, ஐந்து கி.மீ. தள்ளி ஒரு தென்னந்தோப்பில் விழுந்தது. சிக்னல் முழுசாக இருந்தது, உண்மைதான். அன்றைய காற்றுக்கு அவர் மூன்றாவது நிமிடமே திரும்பியிருக்க வேண்டும். அதுவும் பேட்டரியில் ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்காத கணக்கு! ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஒன்றரைக் கிலோ ஃபோம் எந்த மூலைக்கு?

"மாதிரி விமானத்தை வச்சு அட்லாண்டிக் கடலையே தாண்டியிருக்காங்களே அண்ணா" என்றார் அடுத்து. இதையும் மாசம் ஒருவராவது சொல்லிவிடுகிறார். ஆமாம், தாண்டியிருக்கிறார்கள். 2003 ஆகஸ்டில், அமெரிக்காவைச் சேர்ந்த மேனார்டு ஹில்லின் குழு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அயர்லாந்து வரை பறக்கவிட்டது. சுமார் 3,000 கி.மீ., ஏறக்குறைய 39 மணி நேரம். அப்போது ஹில்லுக்கு 77 வயது, கண் பார்வையும் பெரும்பாலும் போயிருந்தது. நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று பாருங்கள். பால்சா மரத்தில் செய்த ஐந்து கிலோ விமானம், அந்த எடையில் ஏறத்தாழ பாதி எரிபொருள். மேற்கிலிருந்து கிழக்கே, காற்றின் போக்கிலேயே ஒருவழிப் பயணம். ரிமோட்டைப் பிடித்தது கிளப்பும்போதும் இறக்கும்போதும் மட்டும். நடுக்கடலில் ஓட்டியது ஜிபிஎஸ் பார்த்துப் போகும் தானியங்கி. அதற்கு முந்தைய முயற்சிகள் கடலோடு போயின. இந்தச் சாதனையில் உங்கள் பத்து கி.மீ. ரிமோட்டுக்கு வேலையே இல்லை.

எரிபொருள் என்றதும் "பெரிய பேட்டரி போட்டால்?" என்பார்கள். லிப்போ ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 வாட்-மணி தரும். பெட்ரோல் கிலோவுக்குச் சுமார் 12,000. சின்ன எஞ்சின் அதில் ஐந்தில் நான்கு பங்கை வீணாக்கினாலும் லிப்போவைவிடப் பத்து மடங்குக்கு மேல் மிச்சம். பேட்டரி எடை கூடினால் அதைத் தூக்கிப் பறக்கவே மின்சாரம் போகும். பெட்ரோலாவது எரிய எரியக் குறையும், காலியான பேட்டரி அதே எடையில் உட்கார்ந்திருக்கும்.

சட்டத்தைச் சொன்னால் முகம் சுருங்குகிறது, சொல்லித்தான் ஆக வேண்டும். 2021 ட்ரோன் விதிகள் மாதிரி விமானத்துக்குத் தரும் வரையறையிலேயே, கண்ணுக்கு எட்டும் தூரத்துக்குள் இயக்கப்படுவது என்று இருக்கிறது. கண்ணை விட்டுப் போனால் அது பொழுதுபோக்கு மாதிரி விமானமே இல்லை. ஒன்றரை மீட்டர் இறக்கை அரைக் கிலோமீட்டர் தாண்டினாலே புள்ளி, வருகிறதா போகிறதா என்றே தெரியாது. அரசின் ட்ரோன் வரைபடத்தில் முன் அனுமதி தேவையில்லாத பச்சை மண்டலமாக இருந்தாலும் 400 அடிக்கு மேல் அனுமதியின்றிக் கூடாது. கோவைக்காரர்களே, ஒரு பக்கம் விமான நிலையம், இன்னொரு பக்கம் சூலூர் விமானப்படைத் தளம். வரைபடத்தைப் பார்க்காமல் பேட்டரியைச் செருகாதீர்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 915 மெகாஹெர்ட்ஸ் கருவி வாங்கி வருகிறவர்களுக்கு: அது இங்கே செல்போன் அலைவரிசையை ஒட்டிய இடம், நமக்குத் திறந்துவிட்டதல்ல.

சரி, பறக்கத்தான் வேண்டுமா? முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரும். செல் ஒன்றுக்கு 3.5 வோல்ட் வந்ததும் இறக்குங்கள், இன்னும் ஒரே ஒரு சுற்று என்ற பேச்சே வேண்டாம். சிக்னல் அறுந்தால் தானே மோட்டாரை நிறுத்தும் ஃபெயில்சேஃப் வேலை செய்கிறதா என்று வானத்தில் பார்க்காதீர்கள். தரையில் புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு ரிமோட்டை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நிற்கிறதா என்று. ஜிபிஎஸ் வைத்திருக்கிறவர்கள், செயற்கைக்கோள் பிடித்து வீட்டுப் புள்ளி (விமானம் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவாகும் முன் கிளப்பாதீர்கள். இறக்கைக்கு அடியில் போன் நம்பரை எழுதுங்கள். அந்தத் தம்பியின் விமானம் கிடைத்ததே தோப்புக்காரர் கூப்பிட்டதால்தான். அவர் தலையில் விழாமல் பாளையில் விழுந்ததற்கு இருவருமே சாமிக்குத் தேங்காய் உடைக்கலாம்.

அந்த ஃபோம் இறக்கையை ஒட்டிக் காயவைத்திருக்கிறேன். தம்பி, இதைப் படித்தால், காற்று தணிந்த பிறகு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குமுன் வந்தால் தர மாட்டேன்.