மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, சோலாரும் அப்படியே

பிளாட்டில் சோலார் பேச்சை எடுத்தாலே, "மாடி நமக்கு மட்டுமா சொந்தம்?" என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். சரி, மாடி எல்லாருக்கும் சொந்தம் என்றால் எல்லாரும் சேர்ந்தே போடலாமே! அதற்கு மத்திய அரசின் மானியமும் இருக்கிறது. பல சங்கங்கள் இது தெரியாமலே லிஃப்டுக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மாதாமாதம் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்பது பலருக்குத் தெரியும். அதே திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்கு பொருத்தும் பேனல்களின் திறனில் ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் உண்டு. லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்கு, மின்சார வாகன சார்ஜிங் போன்ற பொதுப் பயன்பாட்டுக்குத்தான் இது. குடியிருப்பில் உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் 3 கிலோவாட் வரை என்று கணக்கிடுவார்கள். மொத்த உச்சவரம்பு 500 கிலோவாட். யாராவது தம் வீட்டுக்கென்று தனியாகப் போட்டிருந்தால் அதுவும் இந்த வரம்புக்குள்தான் வரும்.

24 வீடுகள் என்றால் கணக்குப்படி 72 கிலோவாட் வரை போகலாம். ஆனால் மாடி இடம் கொடுக்க வேண்டுமே! ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. 10 கிலோவாட் போட்டால் மானியம் 1,80,000 ரூபாய், ஒரு நாளைக்குச் சுமார் 40 யூனிட் கிடைக்கும். மார்கழியில் ஒருநாள் காலையிலும் மாலையிலும் மேலே போய், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வையுங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நிழல் வடக்கே நன்றாக நீளும். அந்தக் கோட்டுக்கு வெளியே இருப்பதுதான் உங்கள் இடம்.

பேனல் இந்தியாவில் தயாரான செல்களால் ஆனதாக இருக்க வேண்டும், பொருத்துபவர் திட்டத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மானியம் வராது.

அப்புறம், பொது மீட்டரோடு நிற்காமல் அவரவர் வீட்டு பில்லிலும் குறையுமா என்று கேட்பீர்கள். அதற்கு மெய்நிகர் நெட் மீட்டரிங் என்ற ஏற்பாடு வேண்டும். ஓரிடத்தில் உற்பத்தியாகும் யூனிட்டுகளைப் பேசி வைத்த விகிதப்படி பல மீட்டர்களில் கழிப்பார்கள். டெல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-லேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதனால் உங்கள் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொது மீட்டரின் 12 மாத பில்லோடு சங்கக் கூட்டத்துக்குப் போங்கள்.