ஒரு டயர் கிழிந்தால் மற்ற டயரையும் பாருங்கள்

மதுரையைச் சுற்றி பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கருவேல முள் புதிதல்ல. ட்யூப்லெஸ் டயரின் நடுவில் முள் ஏறினால், துளையில் ஒரு ரப்பர் குச்சியைச் சொருகிக் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிடலாம். அதே டயரின் பக்கவாட்டை மேலூர்ப் பக்கம் ஒரு கூரான கிரானைட் சில்லு கிழித்துவிட்டால், பஞ்சர் கடைக்காரர் தொடவே மாட்டார். "டயரை மாத்திருங்கண்ணே" என்பார். வியாபாரத்துக்காகச் சொல்வதில்லை.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. அந்தக் காற்றைக் கட்டிப் பிடித்திருப்பது ரப்பருக்குள் புதைந்திருக்கும் நைலான், பாலியஸ்டர் நூலடுக்குகள். தரையில் படும் இடத்தில் 'பட்டன்' எனப்படும் மேல் ரப்பர் தடிமனாக இருக்கிறது. பக்கவாட்டில் ரப்பர் மெல்லியது, ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. 100/90-17 என்ற அளவுள்ள டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீட்டர் ஓடும். 60 கி.மீ. வேகத்தில் நொடிக்கு ஒன்பது சுற்றுக்குச் சற்றுக் குறைவு. இப்படி ஓயாமல் மடங்கும் இடத்தில் ஒட்டு நிற்காது. அறுந்த நூலை இணைக்கவும் வழியில்லை.

சரி, புது டயர்தான். கடைக்குப் போனதும், "ஒரு சைஸ் பெருசாப் போட்டா என்ன?" என்று தோன்றும். 90/90-17 என்பதில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். அடுத்தது, ரிம்முக்கு மேல் டயரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி, ரிம்மின் விட்டம் அங்குலத்தில். இதற்குப் பதிலாகப் பின்சக்கரத்தில் 100/90-17 மாட்டினால் உயரம் 81-லிருந்து 90 மி.மீ. ஆகிறது. வண்டியின் பின்பக்கம் 9 மி.மீ. தூக்கிக்கொள்ள, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகி ஹேண்டிலின் குணம் மாறும். ரிம் பழைய அகலத்திலேயே இருப்பதால் டயர் பிதுங்கி அதன் வளைவும் கெடும். பார்க்க கம்பீரமாக இருக்கும் என்பதைத் தவிர இதில் லாபம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வளைவுதான் முக்கியம். கார் டயர் தட்டை. பைக் டயரின் குறுக்குவெட்டு வில் போல வளைந்தது, ஏனென்றால் பைக் சாய்ந்துதான் திரும்புகிறது. திண்டுக்கல்லுக்கும் விருதுநகருக்கும் நான்கு வழிச்சாலையில் நேராகவே ஓடும் வண்டியில், இன்ஜின் இழுவையும் பாரமும் விழுகிற பின் டயர் நடுவில் தேய்ந்து சப்பையாகிவிடும். இரண்டு ஓரத்திலும் கரை கட்டினாற்போல ஒரு விளிம்பு நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். இந்த நிலையில் முன் டயரை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு போடிமெட்டு மலைப்பாதையில் ஏறினால், முன்சக்கரம் சொன்னவுடன் சாயும். பின்சக்கரம் விளிம்பில் தயங்கி, அப்புறம் சட்டென்று விழும். பலர் புது டயரைத்தான் திட்டுகிறார்கள். குற்றவாளி பின்னால் இருக்கும் பழசு.

அடுத்து, உள்கட்டமைப்பு. சாதாரண டயரில் நூல்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சரிந்து போகும். ரேடியலில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும், மேலே பெல்ட் சுற்றியிருக்கும். அளவில் 'ஆர்' எழுத்து இருப்பது ரேடியல். இரண்டும் பாரத்தில் வளையும் விதம் வேறு. முன்னால் சாதாரணமும் பின்னால் ரேடியலும் கம்பெனியே போட்டுத் தரும் வண்டிகளும் உண்டு, ஆகவே கையேட்டில் உள்ளதை மாற்றாதீர்கள். பிராண்டு ஒன்றாக இருந்தால் நல்லது, கட்டாயமில்லை.

மாட்டும்போது பக்கவாட்டில் உள்ள அம்புக்குறியைப் பாருங்கள். சில டயர்களில் முன்சக்கரத்துக்கு ஒரு திசை, பின்சக்கரத்துக்கு நேரெதிர்த் திசை என்று இரண்டு அம்பு இருக்கும். பட்டன் ரப்பர் ஒரு பட்டையாகச் சுற்றப்பட்டுச் சாய்வாக இணைக்கப்படுகிறது. பின்சக்கரத்தில் பெரும் விசை இன்ஜின் உந்தும்போது, முன்சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போது, இரண்டும் எதிரெதிர். இணைப்பைப் பிரிக்காமல் அழுத்தும் திசையைத்தான் அம்பு சொல்கிறது. இதைக் கடையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால், கழற்றி மாட்ட இன்னொரு கூலி கேட்பார்கள்.