கடுகுக்குப் பசளை மட்டும் போதாது, இடமும் வேண்டும்

கடந்த வாரம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர், பழைய பத்திரிகையில் சுற்றிய கடுகுச் செடி ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். வவுனியாக் காணியில் அவருடைய மைத்துனர் செய்த பயிர். இடுப்பைத் தாண்டிய உயரம், பென்சிலைவிட மெல்லிய தண்டு, இரண்டே இரண்டு கிளைகள், உச்சியில் மட்டும் பதினான்கு காய்கள். ஒன்றைப் பிளந்தேன். பத்துக்கு மேல் இருக்க வேண்டிய விதை நான்குதான் இருந்தது, அதிலும் ஒன்று பதர்.

"யூரியா போதவில்லையா, மிஸ்?" என்றார்.

இந்தப் பெரும்போகத்தில் இதே கேள்வியை ஐந்தாவது முறையாகக் கேட்கிறேன். பொறுமை இழந்துதான் இதை எழுதுகிறேன்.

எத்தனை விதை போட்டீர்கள் என்று கேட்டேன். ஏக்கருக்கு ஐந்து கிலோ, கையால் வீசியதாம். கடுகு சிறியது, ஆகவே நெருக்கமாக விதைக்கலாம் என்ற எண்ணம்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. விதைதான் சிறியது, செடி சிறியதல்ல! ஆயிரம் விதை ஏறத்தாழ 4 கிராம். அப்படியானால் ஐந்து கிலோவில் பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள், சதுர மீற்றருக்கு முந்நூறு. அந்த இடத்தில் நன்றாக வளரக்கூடியவை 22 முதல் 33 செடிகள்தாம். வரிசைக்கு வரிசை ஓர் அடி, செடிக்குச் செடி நான்கு முதல் ஆறு அங்குலம் விட்டால் வரும் கணக்கு இது. முளைக்காதது, எறும்பு தின்றது எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஏக்கருக்கு இரண்டு கிலோ தாராளம்.

கடுகின் விளைச்சல் கிளையில் இருக்கிறது. இடம் கிடைத்த செடி அடியிலிருந்தே கிளைக்கும். நெருக்கத்தில் நிற்பது வெளிச்சம் தேடி மேலே ஓடும், காற்றடித்தால் சாயும். "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்" என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்: இடம்விட்டு விதைத்தால் தானியம், நெருக்கி விதைத்தால் வைக்கோற்போர். நெருங்கி முளைத்துவிட்டதா? பதினைந்து, இருபது நாட்களுக்குள் ஐதாக்குங்கள். பிடுங்க மனம் வரவில்லை என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பிடுங்கியது வீண்போகாது, கீரையாகச் சமைக்கலாம்.

இனி யூரியா. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டுப் பட்ட பாட்டுக்குப் பிறகு, கையில் யூரியா கிடைத்தால் போட்டுத் தீர்க்கும் பழக்கம் பலரைப் பிடித்திருக்கிறது. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இலை கறுத்துச் செழிப்பது காய்ப்பதற்கு அடையாளம் அல்ல. யூரியா தருவது நைதரசன். அது மிஞ்சினால் இலையைக் கொழுக்க வைக்கும், முதிர்ச்சியைத் தள்ளிப்போடும், சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சியை அழைத்துவரும். அடர்த்தியும் சேர்ந்தால் பூங்கொத்து முழுவதும் அசுவினிதான். நைதரசனில் பாதியை விதைக்கும்போது அடிப்பசளையாகவும் மீதியை முப்பது நாளளவில் ஈர மண்ணிலும் இடுங்கள். காய்ந்த மண்ணின் மேல் தூவிய யூரியாவில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும்.

யாரும் என்னிடம் கேட்காத பெயர் கந்தகம். கடுகின் காரமே கந்தகச் சேர்வைகளால் வருவது. நெல்லைவிட அதற்குக் கந்தகம் கூடுதலாக வேண்டும். யூரியாவில் அது துளியும் கிடையாது. அமோனியம் சல்பேற்றில் 21 சதவீதம் நைதரசனோடு 24 சதவீதம் கந்தகமும் இருக்கிறது. வேறுபாட்டைக் கண்ணாலேயே காணலாம்: நைதரசன் குறைந்தால் முதலில் அடியிலையும், கந்தகம் குறைந்தால் இளம் இலையும் மஞ்சளாகும். கொட்டாஞ்சேனைக்காரர் கொண்டுவந்த செடியில் உச்சியிலைகள் வெளிறி, கிண்ணம்போல உட்குழிந்திருந்தன. அடியிலை நல்ல பச்சை. இதற்கா இன்னும் யூரியா?

அளவை என்னிடம் தொலைபேசியில் கேட்காதீர்கள். மண்ணைப் பரிசோதித்து, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். பயிருக்கு மிகச் சிறிதளவே தேவைப்படும் சத்தான போரனை மட்டும் தயவுசெய்து பக்கத்துக் காணிக்காரர் சொன்னார் என்று போட வேண்டாம். சிறிது கூடினாலும் அது நஞ்சு.

அவருடைய பயிருக்கு இனிப் பசளை இடுவதில் பயனில்லை. காய்களில் முக்கால்வாசி மஞ்சளானதும், வெடித்துச் சிதறுமுன், விடியற்காலைப் பனியீரம் இருக்கும்போதே அறுக்கச் சொல்லி அனுப்பினேன்.