டொராண்டோ வாடகை ஏன் இப்படி எகிறுச்சு?

டொராண்டோல வாடகை ஏறுனதுக்கு வெளிநாட்டுல இருந்து வந்தவங்கதான் காரணம்னு ஒரு கூட்டம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இன்னொரு கூட்டம். ரெண்டுமே தப்புன்னுதான் நான் சொல்லுவேன். எத்தனை பேர் வரலாம்னு முடிவு பண்றது ஒட்டாவா, அதாவது கனடாவோட மத்திய அரசு, எந்த ஊர் எவ்ளோ வளரணும்னு திட்டம் போடறது ஒன்டாரியோ மாகாணம், வீடு கட்ட பர்மிட் குடுக்கறது நகராட்சி. மூணு பேரோட கணக்கும் ஒத்துப்போகல, பிரச்சனை அங்கதான்.

2006ல ஒன்டாரியோ ஒரு வளர்ச்சித் திட்டம் கொண்டுவந்துச்சு. டொராண்டோவச் சுத்தி இருக்கற ஒவ்வொரு பகுதிக்கும் 2031ல இத்தனை மக்கள், இத்தனை வேலைன்னு ஒரு நம்பர், அதை வெச்சுதான் நிலம் ஒதுக்கறது, தண்ணி பைப், சாக்கடை எல்லாமே. அதுக்கு முந்தின வருஷமே சுத்தி இருந்த விவசாய நிலத்த கிரீன்பெல்ட்னு பாதுகாத்துட்டாங்க. ரொம்ப நல்ல காரியம், ஆனா வெளிய கட்டக்கூடாதுன்னா ஊருக்குள்ளயாவது நெருக்கமா கட்ட விடணும்ல? டொராண்டோல பெரும்பாலான குடியிருப்பு ஏரியால தனி வீடுதான்னு ரூல் இருந்துச்சு, ஒரே மனைல நாலு வீடு வரைக்கும் எங்க வேணா கட்டலாம்னு கவுன்சில் ஒத்துக்கிட்டதே 2023 மே மாசம்தான்.

அடுத்த ஓட்டை இன்னும் பெருசு. பிஆர், அதாவது நிரந்தரமா தங்கற உரிமை, குடுக்கறதுக்கு ஒட்டாவா வருஷா வருஷம் டார்கெட் வைக்கும், ஸ்டடி பர்மிட், ஒர்க் பர்மிட்ல வர்றவங்களோட மொத்த எண்ணிக்கைக்கு 2024 வரைக்கும் அப்படி எதுவுமே இல்லாம இருந்துச்சு. 2019ல ஒன்டாரியோ உள்ளூர் மாணவங்க ஃபீஸ 10 சதவீதம் குறைச்சு அப்படியே நிறுத்தி வெச்சுடுச்சு, காலேஜுங்க அந்த நஷ்டத்த வெளிநாட்டுப் பசங்க ஃபீஸ்ல ஈடுகட்டுச்சு. 2023 கடைசில நாடு முழுக்க ஸ்டடி பர்மிட் வெச்சிருந்தவங்க 10 லட்சத்துக்கு மேல. அந்த ஒரே வருஷத்துல கனடா மக்கள்தொகை கிட்டத்தட்ட 12.7 லட்சம் கூடுச்சு.

டொராண்டோ பக்கத்துல இருக்கற பிராம்ப்டன்ல ஒரு வீடுன்னு வெச்சுக்கோங்க, மேல ஓனர் குடும்பம், கீழ பேஸ்மென்ட்ல ரெண்டு ரூம்ல ஆறு பசங்க, தரையில மெத்தை, சமைக்கறதுக்கு முறை. ஆறு பேர் சேந்து குடுக்கற வாடகைய ரெண்டு குழந்தை இருக்கற ஒரு குடும்பத்தால ஒத்தச் சம்பளத்துல குடுக்க முடியாது, அதனால அவங்க இன்னும் தூரமா போவாங்க, அங்கயும் வாடகை ஏறும். ஓனருக்கும் நெருக்கடிதான், மத்திய வங்கி வட்டி 2022 ஆரம்பத்துல 0.25 சதவீதம், 2023 ஜூலைல 5 சதவீதம். இதுல அந்தப் பசங்க மேல கோவப்படறதுல என்ன நியாயம் இருக்கு, கூப்பிட்டு ஃபீஸ் வாங்கினவங்க தங்க எடம் யோசிக்கல.

2024ல ஒட்டாவா ஸ்டடி பர்மிட்டுக்கு வரம்பு போட்டுச்சு, 2025க்கான பிஆர் டார்கெட்ட 5 லட்சத்துல இருந்து 3.95 லட்சமா குறைச்சுது, தற்காலிகமா வர்றவங்களுக்கும் முதல்தடவையா டார்கெட் வெச்சுது. வாடகை கொஞ்சம் இறங்கவும் செஞ்சுது. ஆனா புது காண்டோ (அடுக்குமாடி வீடு) விக்கறதும் படுத்துடுச்சு, பெரும்பாலான யூனிட்ட முன்கூட்டியே வித்துக் காட்டினாத்தான் பில்டருக்கு பேங்க் லோன் கிடைக்கும், விக்கலைன்னா பில்டிங் ஆரம்பிக்கறதே இல்ல. ஒரு டவர் எழும்ப நாலஞ்சு வருஷம் ஆகும், அதனால இப்ப ஆரம்பிக்காத பில்டிங்கால வர்ற தட்டுப்பாடு 2030 பக்கத்துலதான் தெரியும், அதுக்குள்ள ஒட்டாவா டார்கெட் மறுபடி எத்தனை தடவ மாறுமோ.