எல்.இ.டி: ஒளியுமிழ் டையோடா, ஒளிகாலும் இருவாயியா?

கடையில் ‘எல்.இ.டி பல்பு’ என்று கேட்டு வாங்குவது முழு விளக்கு. அதில் எல்.இ.டி என்பது, வெள்ளை மூடியைக் கழற்றினால் உள்ளே அலுமினியத் தகட்டின் மேல் தெரியும் சின்னச் சின்ன மஞ்சள் சதுரங்கள்தான். பழுது பார்ப்பவர்கள் அதைச் ‘சிப்’ என்பார்கள். ‘எல்.இ.டி டிவி’ இன்னும் ஒரு படி மேல்: பெரும்பாலானவற்றில் படம் காட்டுவது எல்.சி.டி திரை, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தருவது மட்டுமே எல்.இ.டி.

லைட் எமிட்டிங் டையோடு என்பதன் முதலெழுத்துகள் இவை. டையோடு என்ற சொல்லை 1919இல் உருவாக்கியவர் பிரிட்டன் இயற்பியலாளர் வில்லியம் எக்கிள்ஸ். கிரேக்கத்தில் ‘இரண்டு’, ‘வழி’ என்று பொருள்படும் சொற்களைச் சேர்த்தார். அன்று அது இரண்டு மின்வாய்கள் கொண்ட வெற்றிடக் குழாயின் பெயர். பிறகு மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் அதே வேலையைச் செய்த குறைகடத்திக்கும் ஒட்டிக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘ஒளி உமிழ் டையோடு’. முழுத் தமிழாக்க விரும்புவோர் ‘ஒளியுமிழ் இருமுனையம்’ என்று எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் ‘ஒளிகாலும் இருவாயி’. உமிழ்தல், காலுதல் இரண்டுக்கும் வெளியே கக்குதல் என்பதே பொருள். பாம்பு நஞ்சைக் காலும், சுடர் ஒளியைக் காலும். காலுதல் இன்று பேச்சில் இல்லாததால் தமிழ்நாட்டு மாணவர் அதைக் கை கால் என்று படித்துவிடக்கூடும்.

‘இருமுனையம்’ எனக்கு நிறைவு தரவில்லை. மின்தடையாக்கிக்கும் இரண்டு முனைதான், மின்தேக்கிக்கும் இரண்டு முனைதான். ‘இருவாயி’யும் மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் குணத்தைச் சொல்லவில்லை, ஆனால் மின்வாய் என்ற சொல் இரு கரையிலும் புழக்கத்தில் இருப்பதால் அதனோடு இயல்பாகச் சேர்கிறது, மூலச்சொல் பிறந்த விதத்துக்கும் பொருந்துகிறது. எழுத்தில் ‘ஒளியுமிழ் இருவாயி’ என்பது என் தேர்வு. முழு விளக்கைக் குறிக்க ‘எல்.இ.டி விளக்கு’ போதும். அதை இருவாயி என்று எழுதுவது பிழை.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டியை 1962இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். பல ஆண்டுகள் அது கருவிகளின் அடையாள விளக்காகவே காலம் தள்ளியது. வீட்டுக்கு வெள்ளை ஒளி வேண்டுமென்றால் நீலம் வேண்டும். நீலத்துக்குத் தேவையான காலியம் நைட்ரைடு படிகத்தைப் பழுதில்லாமல் வளர்க்க முடியவில்லை. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 1980களின் பிற்பாதியிலும் 1990களின் தொடக்கத்திலும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். 2014 இயற்பியல் நோபல் பரிசு இதற்குத்தான். சிப்பின் மஞ்சள் நிறமும் இங்கிருந்தே வருகிறது: உள்ளே பிறப்பது நீல ஒளி, மேலே பூசிய பாஸ்பர் என்ற மஞ்சள் ஒளிர்பொருள் அதில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது.

9 வாட் எல்.இ.டி விளக்கு பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்துக்குக் குறையாமல் தரும். ஆனால் சூட்டைத் தாங்காது. குண்டு பல்பின் இழை தன் சூட்டைக் கதிராக வெளியே வீசிவிடும். சிப்பின் சூடோ பின்னால் உள்ள அலுமினியத் தகடு வழியாகத்தான் இறங்க வேண்டும். நாலாபுறமும் மூடிய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் மாட்டினால் இறங்க வழியில்லை. முதலில் டிரைவரில், அதாவது வீட்டு மின்சாரத்தைச் சிப்புக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சுற்றில், உள்ள மின்பகு மின்தேக்கி காய்ந்து, விளக்கு சிமிட்டத் தொடங்கும்.

முழுதாக அணைந்த விளக்கைத் திறந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு சிப்பின் நடுவே மிளகு அளவுகூட இல்லாத கரும்புள்ளி தெரியும். சிப்புகள் தொடரிணைப்பில் இருப்பதால் ஒன்று கருகினால் எல்லாம் அணையும். மாற்றும்போது அதே வோல்ட் சிப்பே வேண்டும்: பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் சிலது 3 வோல்ட், சிலது 9, 18 வோல்ட். திசை மாற்றி வைத்தால் எரியாது. கருகிய சிப்பின் இரு பக்கத்தையும் ஈயத்தால் இணைத்துவிடுவதும் உண்டு. அந்தச் சிப்பின் பங்கு வோல்ட் டிரைவர் ஐசி மேல் விழும் வகை விளக்கில் அடுத்து ஐசி சூடேறிப் போகும். மலிவான விளக்குகளில் சிப்புகள் உள்ள தகட்டின் மேலுள்ள சுற்று நேரடியாக 230 வோல்ட் இணைப்பில் இருக்கும். ஹோல்டரில் மாட்டியபடி தொடவே கூடாது. கழற்றிய பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் சற்று நேரம் நிற்கும்.

சுவிட்சை அணைத்த பின்னும் இரவில் விளக்கு மங்கலாக மினுங்கினால், குறை விளக்கில் இல்லாமல் இருக்கலாம். சுவிட்ச் பேஸ் கம்பியில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தாலோ, சுவிட்சிலேயே சின்ன நியான் விளக்கு இருந்தாலோ நூலளவு மின்னோட்டம் கசியும், எல்.இ.டி மினுங்க அதுவே போதும். சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது தெரிந்தால் எலக்ட்ரீசியனை வைத்துப் பேஸுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையேல் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் ஷாக் அடிக்கும்.